ஒட்டு இமை அக்கா

ரிசப்ஷன் முடிந்து, கடைசிப் பந்தியும் எழுந்து, மேடைப் பூக்களை ஆட்கள் பிய்த்துக்கொண்டிருக்கும் இரவு பதினொன்றரை மணிக்கு, கல்யாண மண்டபத்தில் இரண்டு பேர் மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர், மொய் நோட்டும் மஞ்சள் பையுமாக மூலையில் உட்கார்ந்திருக்கும் தாய்மாமன். இன்னொருவர், பெண் வீட்டார் அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு, வெளி ஓரத்தில் தொடங்கி மூக்குப் பக்கமாகத் தன் இமையை உரித்துக்கொண்டிருக்கும் ஒட்டு இமை அக்கா.

"பதினாலு" என்றாள்.

"என்னக்கா பதினாலு?"

"இந்த ஜோடிக்கு இது பதினாலாவது கல்யாணம்டி."

மேடையில் நின்ற ஜோடிக்கு அதுதான் முதல் கல்யாணம்.

எனக்கு வாய்த்த ஒட்டு இமை அக்கா என் பெரியம்மா பெண். உங்களுக்கு நாத்தனாராகவோ ஓரகத்தியாகவோ வாய்த்திருக்கலாம். நாற்பதைத் தாண்டியிருப்பாள். நிலையான வேலை, கறாரான கையெழுத்து, பிள்ளைகள் காலேஜில். பெற்ற பெண்ணின் மஞ்சள் நீராட்டு விழாவிலோ தங்கை கல்யாணத்திலோ, பார்லரிலிருந்து வந்த பெண் "உங்களுக்கும் ஒண்ணு வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டு ஒட்டிவிட்டிருப்பாள். ஆல்பம் வந்ததும் பார்த்தால், முப்பது வருடம் தூங்கி வழிந்த கண்கள் திடீரென்று விழித்துக்கொண்டிருக்கும். அன்று பிடித்த பழக்கம்தான்.

முதல் ஜோடியை 350 ரூபாய் கொடுத்து வாங்கினாள். பார்லர் பெண் அதை ஒருமுறை போட்டுத் தூக்கி எறியச் சொன்னாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். 350-ஐ 14-ஆல் வகுத்தால் ஒரு கல்யாணத்துக்கு 25 ரூபாய். "நாம வைக்கிற மல்லிப்பூ கூட இதைவிட விலைடி. அதை மறுநாள் குப்பையில போடுறோம், இதைப் போடுறோமா?" என்பாள். பதினெட்டாயிரத்துக்குப் புடவை எடுத்து ஒரே தடவை கட்டுகிறவள் இப்படிப் பேசலாமா என்று கேட்டால் அதற்கும் பதில் உண்டு. புடவையை நாத்தனார் ஞாபகம் வைத்திருப்பாள், இமையை எவள் ஞாபகம் வைத்திருக்கப் போகிறாள்?

இமை ஒட்டும் நேரத்தில் வீட்டில் யாரும் தும்மக்கூடக் கூடாது. பசையை அடிப்பட்டையில் மெல்லிய கோடாக இழுத்துவிட்டுக் காத்திருப்பாள். வெள்ளையாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கும், முழுக்கக் காய்ந்துவிட்டால் பிடிக்காது. நடுவில் அரை நிமிடம் போல ஒரு பதம் இருக்கிறது. அதிரசத்துக்குப் பாகு காய்ச்சத் தெரிந்தவளுக்கு அது கைவந்த கலை. ஒட்டிய பிறகு இமைக்கக் கூடாது. நளன் கதையில், சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்களைக் கண்டு திகைத்த தமயந்தி, இமைக்காமல் நிற்பவர்கள் தேவர்கள், இமைப்பவன்தான் தன் நளன் என்று கண்டுகொண்டு மாலையிட்டாள். ரிசப்ஷனுக்குக் கிளம்பும் எங்கள் அக்காவை அந்த வரிசையில் நிறுத்தியிருந்தால் தமயந்தி கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்திருப்பாள். வாசலில் மாமா காரை ஸ்டார்ட் செய்து ஹாரன் அடிப்பார். அக்கா பதில் சொல்ல மாட்டாள். வாய் திறந்தால் கண் இமைக்கும் என்பது அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. மாமாவுக்கும் அந்த ஐந்து நிமிடம் பிடித்துத்தான் இருந்தது.

மண்டபத்திலும் சில ஆசாரங்கள் உண்டு. ஹோமப் புகை வரும் பக்கம் உட்கார மாட்டாள். பெண்ணை அனுப்பும்போது எல்லோரும் குலுங்கிக் குலுங்கி அழுவார்கள். இவள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தபடி, கைக்குட்டையை முக்கோணமாக மடித்துக் கீழிமையில் மட்டும் ஒற்றி ஒற்றி அழுவாள். தண்ணீர் பட்டால் பசை இளகும். துக்கத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

இந்த அவஸ்தை இவளோடு தொடங்கியதல்ல. 1911-இலேயே கனடாவைச் சேர்ந்த அன்னா டெய்லர் என்ற பெண்மணி ஒட்டு இமைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1916-இல் வெளிவந்த 'இன்டாலரன்ஸ்' படத்துக்காக டி. டபிள்யூ. கிரிஃபித், தன் நடிகை சீனா ஓவனின் இமைகள் கன்னத்தில் உரச வேண்டும் என்று ஆசைப்பட்டார். விக் செய்கிறவர் மனித முடியை மெல்லிய துணியில் கோத்துக் கொடுக்க, பசை தடவி ஒட்டினார்கள். ஒருநாள் அந்த நடிகை கண் வீங்கி, திறக்க முடியாமல் ஸ்டூடியோவுக்கு வந்தார் என்று சக நடிகை லிலியன் கிஷ் எழுதியிருக்கிறார். அக்காவிடம் இதைச் சொன்னேன். கண் வீங்கியது அவள் காதில் விழவில்லை. "மனுஷ முடியா? யாரோட முடி?" என்றாள். இங்கே திருப்பதியில் காணிக்கை முடியை ஏலம் விடுகிறார்களே, அது போய் இமையாகத் திரும்பி வந்தால் யாரோ வேண்டிக்கொண்ட நேர்த்திக்கடனை நாம் கண்ணில் ஒட்டிக்கொண்டதாகாதா என்பது அவள் கவலை. அன்றிலிருந்து செயற்கை இழைதான்.

உண்மையான திருவிழா மறுநாள் காலையில். மாமாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் போடுவதற்கு முன் துடைக்கிற ஆல்கஹால் ஸ்வாப் பெட்டி ஃபிரிட்ஜ் மேல் இருக்கும். மாதம் அறுபது தீர வேண்டியது எழுபது தீருகிறது. மெடிக்கல் ஷாப்காரன் எண்ணிக்கையில் ஏமாற்றுகிறான் என்று மாமா பல வருடங்களாக நம்பிக்கொண்டிருக்கிறார்.

முதலில் காய்ந்த பசையைப் பிளக்கரால் உரிக்க வேண்டும். அடிப்பட்டையைத்தான் பிடிக்க வேண்டும், முடியைப் பிடித்து இழுத்தால் வழுக்கை. பிறகு எண்ணெய்ப் பசை இல்லாத மேக்கப் ரிமூவரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, பட்ஸால் மை போகத் துடைத்து, பட்டையை மட்டும் ஸ்வாபால் ஒரு தடவை தடவி, டிஷ்யூ பேப்பரில் காயப் போடுவாள். வெந்நீர் கூடாது, சுருள் போய்விடும். காய்ந்ததும் கழுவி வைத்திருக்கும் பழைய மஸ்காரா பிரஷால் தலை வாரி, உருண்டையான ஸ்கெட்ச் பேனாவில் சுற்றிவைத்து வளைவு எடுப்பாள். பெற்ற பெண்ணுக்கு இவ்வளவு பொறுமையாக அவள் தலை வாரிவிட்டதில்லை, நான் சாட்சி.

எண்ணெய் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை பசை போகாமல் அவள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த மாமியார், "தேங்காய் எண்ணெயைத் தடவும்மா, பலாப்பழம் அரியுற கத்திக்கு வேற என்ன பண்றோம்?" என்றார். யோசனையில் தப்பே இல்லை. பசை பலாப் பிசின் மாதிரிக் கழன்று வந்தது. ஆனால் பட்டையில் எண்ணெய் தங்கிவிட்டது. அடுத்த கல்யாணத்தில் குடும்ப போட்டோ எடுக்கும் சமயம் பார்த்து இடது இமை வழுக்கிப் பாதிக் கண்ணில் தொங்கியது. ஆல்பத்தில் அக்கா இன்றும் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருக்கிறாள். சம்பந்தியம்மா அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்.

இமையின் இருப்பிடம், அது வந்த அதே பிளாஸ்டிக் தட்டு. அதிலுள்ள வளைந்த மேட்டில் உட்கார்ந்தால்தான் வடிவம் கெடாது. வலம், இடம் மாறக் கூடாது. வெளி ஓரத்தில் நீளம் கூடுதல் என்பதால், மாற்றி ஒட்டினால் முகமே கோபித்துக்கொண்டதுபோல் ஆகிவிடும். அதனால் தட்டில் 'வ', 'இ' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறாள். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று. பாத்ரூமில் வைப்பதில்லை. இமையைப் பூரான் என்று நினைத்துச் செருப்பால் அடித்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லப் போவதில்லை. அடித்தவர் மாமா, அபராதம் இரண்டு ஜோடி.

ஆடி மாதம் பிறந்தால் அக்காவின் இமைகளுக்கு லீவு. ஊரில் கல்யாணம் இல்லை. எல்லாத் தட்டுகளையும் வெளியே எடுத்து, முடி கொட்டியது எது, பட்டை விறைத்தது எது என்று தரம் பிரிப்பாள். முதல் தரம் நெருங்கிய சொந்தத்துக்கு, இரண்டாம் தரம் ஆபீஸ்காரர்கள் கல்யாணத்துக்கு, மூன்றாம் தரம் சாப்பிட்டுவிட்டு உடனே வந்துவிடுகிற கல்யாணத்துக்கு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் படை தயார். நம்முடைய சொந்த இமை முடியே சில மாதங்களில் உதிர்ந்து வேறு முளைக்கிறது. கடவுள் கொடுக்காத வாரண்டியை அக்கா கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு ஜோடி வைத்திருக்கிறாளே என்று நான் ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஒரு ஜோடி குடுக்கா, நாளைக்குத் திருப்பித் தரேன்."

"வேணும்னா என் ஆரத்தைப் போட்டுக்கோ. இமை தர மாட்டேன்."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. ஒருத்தி கண்ணில் இருந்ததை இன்னொருத்தி கண்ணில் ஒட்டக் கூடாது. அதுவும் நம் ஊரில். கண் நோய்க்கே ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் நாம். 1819-இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918-இல் முதன்முதலாக அடையாளம் கண்டதால்தான் 'மெட்ராஸ் ஐ' என்று பெயர் வந்தது என்பார்கள்.

இத்தனை ஆசாரம் பார்த்தவளுக்கே போன மழைக்காலத்தில் மெட்ராஸ் ஐ வந்தது. இமையால் இல்லை, பஸ்ஸில் யாரிடமிருந்தோ. கறுப்புக் கண்ணாடியோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாள், துணைக்கு நான். கண்ணில் பட்டது எதுவானாலும் தூக்கிப் போடுங்கள், இந்தக் கிருமி காய்ந்த சாமான்களில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்றார் டாக்டர்.

"காஜல்?"

"போடுங்கம்மா."

"மஸ்காரா?"

"அதையும்."

"கண்ணில நேத்துதான் வச்சது, அதுக்கு முன்னால கழுவி வச்சது..."

"என்ன அது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முயன்றுகொண்டிருந்தேன்.

காஜல் போயிற்று, மஸ்காரா போயிற்று, தலையணை உறை வெந்நீரில் கொதித்தது. நோய் சமயத்தில் கண்ணில் இருந்த ஜோடி மட்டும் குப்பைக்கூடை வரை போய்த் திரும்பி வந்தது. பதினேழு கல்யாணம் பார்த்த ஜோடி. என்ன செய்தாள் என்று நவராத்திரி வரைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்வாபால் மூன்று முறை துடைத்து, மாதக்கணக்கில் தனி டப்பாவில் அடைத்துவைத்து, பிறகு கத்தரித்து, பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த மரப்பாச்சிக்கு ஒட்டிவிட்டாள். கேட்டால், "மரப்பாச்சிக்கு மெட்ராஸ் ஐ வராதுடி" என்கிறாள். மருத்துவம் படித்தவர்கள் யாராவது இதை மறுத்துப் பார்க்கட்டும்.

இந்த வருடமும் கொலு வைக்கிறாள். மேல்படியில் நடுவில் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, யாரையோ அசரடிக்கப் போவதுபோல் விழித்துக்கொண்டிருக்கும் மரப்பாச்சியை நீங்களே பார்க்கலாம். வாருங்கள், பாடுங்கள், சுண்டல் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் இடது கண்ணை மட்டும் தொடாதீர்கள். பசை இன்னும் பதத்துக்கு வரவில்லை.