நுரை வைத்தியர்

செரண்டா தாமான் வீட்டு முன்வாசலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் பெயிண்டு வாளிகளும் பூச்சாடிகளும் நின்றால், அது தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவரின் வீடு. வீட்டுக்காரரின் கைலியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அவர் நுரை வைத்தியர். ராசா, பத்தாங்காலி வரைக்கும் இந்த ரகத்து ஆள் உண்டு.

கைலியை வெளுத்தது ஹைட்ரஜன் பெராக்சைட். பார்மசியில் 3 சதவீதக் கரைசலாகக் கிடைக்கும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்பு நிறப் போத்தலில் அடைத்திருப்பார்கள். தண்ணீரில் இன்னும் ஓர் ஆக்சிஜன் அணு கூடினால் அதுதான் இது. நம்மவர் அதை இப்படி விளக்குவார்: "தண்ணிதான் தம்பி. ஆனா பணக்காரத் தண்ணி."

இந்தப் பக்திக்கு வேர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெட்டுக்கத்தி காலைக் கிழித்தால் டிரசர் ஐயா இதைத்தான் ஊற்றுவார். புஸ்ஸென்று நுரை பொங்கும். "பாத்தியா, கிருமி சாகுது!" என்பார். நம் ரத்தத்தில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனை வெளியேற்றுகிறது, நுரை அதனால்தான். கிருமியே இல்லாத ரத்தத்திலும் அது நுரைக்கும். ஆனால் கண்ணால் பார்த்த நுரையைவிட நான் சொல்லும் நொதி பெரிதா?

ஆகவே கறிவேப்பிலை வாடினாலும் நுரை மருந்து, மல்லிகை மொட்டு உதிர்ந்தாலும் நுரை மருந்து. பண்டான் இலையைப் பக்கத்து வீட்டுப் பூனை கடித்ததற்குக்கூட இரண்டு மூடி ஊற்றினார். மண் நுரைத்ததும் முகத்தில் டிரசர் ஐயாவின் களை வந்துவிடும். தண்ணீர் கலந்து ஊற்றினால் அழுகும் வேருக்குக் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் கிடைக்கும், பூஞ்சையும் கொஞ்சம் சாகும் என்பது உண்மைதான். கூடவே மண்ணில் செடிக்குச் சோறு சமைக்கிற நல்ல நுண்ணுயிர்களும் சாகும். மருந்துக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியாது.

ஒரு தடவை பார்மசி பூட்டியிருந்தது. மகளின் முடிச்சாயப் பெட்டியில் '20 வால்யூம்' என்று ஒரு போத்தல் கிடைத்தது. ஒரு பங்கு திரவம் 20 பங்கு ஆக்சிஜன் வாயு தரும் என்பது அதற்கு அர்த்தம்; அதாவது 6 சதவீதம், வழக்கமானதைப் போல் இரண்டு மடங்கு. தண்ணீர் கலக்காமல் மிளகாய்ச் செடிக்கு அப்படியே தெளித்துவிட்டார். இரண்டே நாளில் இலையெல்லாம் மகளின் தலைமுடி நிறத்துக்கு வந்துவிட்டது.

மதியம் ஆனால் செரண்டாவில் வானம் கறுக்கும். கொட்டுகிற மழை முழுவதும் அந்த வாளிகளில்தான் தேங்கும். செடிகளின் வேர் அழுகுவதற்கு வேறு நோய் தேவையில்லை.

"அண்ணே, வாளி அடியில ரெண்டு ஓட்டை போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"ஓட்டை போட்டா மருந்து ஒழுகிடும் தம்பி."

வாரத்துக்கு இரண்டு போத்தல் வாங்கும் மனிதரைப் பார்மசிப் பெண் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறது. போன மாதம் மெல்லக் கேட்டது: "அங்கிள், இனிப்பு நீர் இருக்கா? கால் புண்ணு இன்னும் ஆறலையா? ஒரு தடவ கிளினிக்ல காட்டிருங்க."

கறிவேப்பிலைக்கு என்று சொல்ல அவருக்குக் கூச்சம். "ஆறிக்கிட்டு வருதும்மா" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் பாவம் பார்த்து ஒரு ரிங்கிட் குறைத்துக்கொண்டது.

அன்றிலிருந்து அந்தக் கடைக்குள் நுழையும்போது மட்டும் அவர் கொஞ்சம் நொண்டுகிறார்.