இரண்டாவது கியர்

டிராக்டர்காரர் உட்கார்ந்து உழுவார். பவர் டில்லர்காரர் தன் வண்டிக்குப் பின்னாலேயே நடப்பார். 60 செ.மீ. அகலத்துக்கு உழுதுகொண்டு போனால் ஏக்கருக்கு ஏறக்குறைய 7 கி.மீ. நடை. டாக்டர் சொல்லியும் நடக்காத என் சித்தப்பா, டில்லர் புண்ணியத்தில் தென்னந்தோப்பில் நடந்துகொண்டிருந்தார். அதற்கும் தடை வந்தது. இரண்டாவது கியர் போட்டால் பத்தடி போவதற்குள் 'டக்'கென்று கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்ஜின் கத்தும், வண்டி நிற்கும், சித்தப்பா இன்ஜினைவிடச் சத்தமாகக் கத்துவார்.

டில்லரில் இருப்பது போன்ற சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறலாம் என்று 1912-ல் ஆஸ்திரேலியாவில் தன் அப்பா பண்ணையில் சோதித்துப் பார்த்தவர் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட். மண் பக்கவாட்டில் சிதறாமலிருக்கக் கத்தியை 'எல்' வடிவத்தில் வளைத்ததும் அவர்தான். பேராவூரணிப் பக்கத்துத் தோப்பில் அந்த மாதிரி வண்டியில் என்னென்ன போய்ச் சுற்றிக்கொள்ளும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தேங்காய் நார், உரச்சாக்கு நூல், பழைய நைலான் கயிறு. எல்லாம் சக்கரத்து ஆக்ஸிலில் இறுகச் சுற்றி ஆயில் சீலை அறுத்துவிடும். அப்புறம் உள்ளே இருக்கும் ஆயில் வெளியே, வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே.

அந்தத் தண்ணீர் எப்போது போனது என்பதில் வீட்டில் இரண்டு கட்சி. டில்லருக்கு ஸ்டியரிங் கிடையாது. கைக்கொரு லீவராக இரண்டு கைப்பிடியிலும் இருக்கும். இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு விசை அறுந்து, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் மட்டும் தலைகீழ். இன்ஜின் பிடிமானம் விட்டுப்போன சக்கரம் தறிகெட்டு உருளுவதால், இடதைப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் போகும். வாய்க்கால் கரையில் இறங்கும்போது இந்தப் பௌதிகத்தை யோசிக்க யாருக்கு நேரம்? சித்தப்பாவுக்கு இல்லை. தண்ணீர் புகுந்தது அவர் வண்டியை வாய்க்காலுக்குள் விட்ட அன்றைக்குத்தான் என்பது அம்மா கட்சி. சேற்று உழவில் என்பது சித்தப்பா கட்சி.

மெக்கானிக் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. டிரைன் நட்டைக் கழற்றினார். வந்தது ஆயிலா அது? அசல் டிகிரி காபி, நுரையோடு. அதைப் பார்த்ததும் அவருக்கு, முன்பு இந்தக் கியர் பெட்டியைப் பிரித்தவன் மீது ஆத்திரம் வந்தது. "எவனோ சீலைத் திருப்பி மாட்டியிருக்கான் தம்பி. இவனெல்லாம் எங்க தொழில் கத்துக்கிட்டான்?"

திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிரவே இல்லை. "ஏம்ப்பா, போன தடவையும் நீதானே பிரிச்சே?"

"அப்ப வந்த சீல் வேறம்மா" என்றார், ஒரு நொடி கூடத் தயங்காமல்.

கியர் கழல்வதற்குக் காரணம் வேறு. கியர் தண்டில் சின்னச் சின்னப் பள்ளம் இருக்கும். ஒரு பால்ரஸ் குண்டை ஸ்பிரிங் அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே இருக்கும். போட்ட கியரை நிறுத்திவைப்பது அந்த அழுத்தம்தான். எங்கள் ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. "இந்த மூடியைக் கழட்டுறப்ப உள்ளங்கையால பொத்திக்கணும், இல்லேன்னா குண்டு தெறிச்சிடும்" என்று கூட வந்த பையனுக்குப் பாடம் சொல்லிக்கொண்டே மெக்கானிக் கழற்றினார். குண்டு தெறித்தது.

பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி மாமரத்தடி முழுக்க இழுத்தோம். துருப்பிடித்த ஆணிகள் வந்தன. ஊக்கு வந்தது. அம்மா இரண்டு தீபாவளியாகத் தேடிய பாக்குவெட்டி வந்தது. ஒரு நட்டும் வந்தது. அதை மட்டும் மெக்கானிக் யார் கண்ணிலும் காட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குண்டு வரவில்லை. சைக்கிள் பின்சக்கரத்துக்குப் போடும் கால் இஞ்ச் குண்டு அளவு சரியாக இருந்ததால் பிழைத்தோம்.

ஸ்பிரிங் வாங்கப் பட்டுக்கோட்டை போனேன். ஒரிஜினல் வர நாளாகும் என்ற கடைக்காரர், "இதைப் போடுங்க, அதைவிட ஸ்ட்ராங்" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் பொய் சொல்லவில்லை.

அதற்குள் மெக்கானிக் பேக்கிங் வெட்டிக்கொண்டிருந்தார். அது பார்க்க வேண்டிய வேலை. கத்திரியே கிடையாது. மூடியின் மேல் பேக்கிங் பேப்பரை வைத்துச் சுத்தியலால் ஓரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டே போவார். இரும்பின் விளிம்பே பேப்பரை வெட்டும். போல்ட் துளைகள்கூட இம்மி பிசகாமல் விழும். அந்த நேரத்தில் சித்தப்பாவே வாயை மூடிக்கொண்டிருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது சீல், புது 90 ஆயில். சித்தப்பா இரண்டாவது கியரைப் போட்டார். தோப்பின் கடைசி வரிசை வரை போய்த் திரும்பி வந்தார். கழலவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளினார். அதுவும் வரவில்லை. நான் இழுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

"அண்ணே, கியர் வெளியே வரமாட்டேங்குதே!"

மெக்கானிக் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "கழலுதுன்னு சொன்னீங்க, நிறுத்திக் குடுத்தாச்சு. வரமாட்டேங்குதுங்கிறது வேற வேலை தம்பி. அதுக்கு வெள்ளிக்கிழமை வர்றேன்."