கடலுக்கு உப்பிட்ட வள்ளல்

முல்லைக்கொடி படரத் தேரைக் கொடுத்தான் பாரி. மயிலுக்குக் குளிருமே என்று போர்வை கொடுத்தான் பேகன். கொடியிடம் தேர் இல்லை, மயிலிடம் போர்வை இல்லை. இல்லாத இடத்தில் கொடுப்பது என்ன பெரிய காரியம்? போர்ட் கொச்சியில், அரபிக்கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், தன் கொல்லைப்புற நீச்சல்குளத்தின் வழியாக மண்ணுக்கும் மண்ணின் வழியாகக் கடலுக்கும் மாதந்தோறும் மூட்டை உப்பைத் தானம் செய்துவருகிறார் எங்கள் தெரு ஹோம்ஸ்டே முதலாளி. உள்ளவனுக்கே வாரிக் கொடுக்கும் இந்தக் கொடையைப் பாட ஒரு புலவன் வாய்க்கவில்லையே என்ற குறை எனக்கு நெடுநாளாக உண்டு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். கடல் நினைக்கிறதோ இல்லையோ, எங்கள் வீட்டுக் கிணறு நினைக்கிறது.

முதலாளி, தங்கள் குளத்தின் அழகைச் சொல்லி முடியாது. பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டில், எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், நீலச் சில்லு ஓடு, சுமார் 45,000 லிட்டர் தண்ணீர். குளோரின் வாடையே ஆகாத வெளிநாட்டு விருந்தினருக்காக ‘உப்புநீர்க் குளம்’ என்று பலகை வேறு. அதிலும் வேலை செய்வது குளோரின்தான் என்று சொல்லி அவர்கள் மனத்தை நோகடிக்காத தங்கள் பண்பு பெரிது. ஆயிரம் லிட்டருக்கு மூன்று கிலோ சொச்சம் உப்பு. கடல்நீரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. மோட்டார் அறையில் இருக்கும் ‘செல்’ என்கிற மின்பகுப்புக் கருவியின் தகடுகளில் மின்சாரம் பாய்ந்ததும் அந்த உப்பிலிருந்து குளோரின் பிறக்கிறது. கிருமியையும் பாசியையும் கொன்று முடித்தபின் அது மறுபடி உப்பாகவே குளத்தில் நிற்கிறது. ஆகவே, மழையில் வழிந்து போவதும் ஃபில்டர் கழுவும்போது போவதும் தவிர, ஒருமுறை போட்ட உப்பு எங்கும் போகக் கூடாது. போகாமலேயே நின்றுவிட்டால் தங்கள் ஈகை வெளியே தெரிவது எப்படி?

குளத்தில் தண்ணீர் குறைகிறதே என்று யாராவது கேட்டால், “வெயில் குடிக்குது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். என்ன தெளிவு! கொச்சியின் ஈரக்காற்றில், மார்ச் மாத வெயிலிலும், ஒரு நாளில் ஆவியாவது அரை சென்டிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். தங்கள் குளத்துக்கு அது 160 லிட்டர். ஆனால் தங்கள் குளமோ நாளுக்கு இரண்டரை சென்டிமீட்டர் இறங்குகிறது. அது 800 லிட்டர். மீதி 640 லிட்டரையும் சூரியன் கணக்கில் எழுதிவிட்டீர்கள். அவனும் எதிர்த்து வழக்காடப் போவதில்லை. இதில் ஒரே ஒரு சிக்கல்: சூரியன் தண்ணீரைத்தான் குடிப்பான், உப்பைத் தொடமாட்டான். ஆவியான அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டால் உப்பின் அளவு பழையபடி இருக்க வேண்டும். தங்கள் குளத்தில் மழையில்லாத மாதத்திலும் அது சரிந்துகொண்டே போகிறது. லிட்டருக்கு 3.2 கிராம் என்று வைத்தால், 640 லிட்டரோடு தினமும் இரண்டு கிலோ, மாதத்துக்கு 60 கிலோ. அவ்வளவு உப்பை உண்மையிலேயே விழுங்கியிருந்தால் சூரியனுக்கு இந்நேரம் ரத்தக் கொதிப்பு வந்திருக்கும்.

இதைத் தீர்த்துவைக்க ஒரு பிளாஸ்டிக் பக்கெட் போதும் என்று சொல்கிற அற்பர்கள் இருக்கிறார்கள். குளத்துத் தண்ணீரையே பக்கெட்டில் நிரப்பி, மிதக்காமல் இருக்க உள்ளே ஒரு கல்லைப் போட்டு, குளத்தின் இரண்டாம் படியில் வைக்க வேண்டுமாம். உள்ளே இருக்கும் தண்ணீரும் வெளியே இருக்கும் தண்ணீரும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது இரண்டு பக்கமும் கோடு கிழித்துவிட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் விடாமல், யாரையும் இறங்கவிடாமல் பார்க்க வேண்டுமாம். இரண்டும் சமமாக இறங்கியிருந்தால் வெயில். வெளியே அதிகம் இறங்கியிருந்தால் ஓட்டை. ஒருமுறை பம்பை ஓடவிட்டு, ஒருமுறை நிறுத்திவைத்துச் செய்தால் ஓட்டை குழாயிலா தொட்டியிலா என்பதும் பிடிபடுமாம். இத்தனை லட்சம் போட்டுக் கட்டிய குளத்துக்கு ஒரு பக்கெட் தீர்ப்புச் சொல்வதா? தாங்கள் அதற்கு இடம் கொடுக்காதது தங்கள் அந்தஸ்துக்கு ஏற்றதுதான்.

‘வெளி’ என்ற பகுதியில் இருக்கும் தோபிகானாவிலிருந்து தங்கள் விருந்தினரின் படுக்கை விரிப்புகளைக் கொண்டுவரும் பெரியவரை நினைத்துப் பார்க்கிறேன். டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழி என்று சொல்லிக்கொள்ளும் வண்ணார் குடும்பம். 1976-ல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்த துவைப்புத் தொட்டிகளில் இன்றும் கையால்தான் வெளுக்கிறார்கள். கிளிப் இல்லாமல், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணி முனையைச் செருகிக் காயப்போடும் அழகைப் பார்க்கவே தங்கள் விருந்தினர்கள் போகிறார்கள். தொட்ட மாத்திரத்தில் எந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்கும், எதில் நுரைக்காது என்று சொல்கிறவர் அவர். டேங்கர் சில நாள் வராமல் போன ஒரு சமயம், குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “மொதலாளி, தண்ணி லைட்டு மட்டத்துக்கு வந்து நின்னுபோச்சு பாருங்க. அதுக்குக் கீழ எறங்கல. ஓட்ட அங்கதான்” என்றார். துணி வெளுக்கிறவருக்குக் குளத்தைப் பற்றி என்ன தெரியும் என்று தாங்கள் ஒரு புன்னகையோடு விட்டுவிட்டீர்கள். திட்டாமல் விட்டதே பெருந்தன்மை. தண்ணீருக்குள் பதித்த விளக்கின் பின்னால் வயர் போகும் குழாயின் வாய்தான் நீச்சல்குளங்களில் அடிக்கடி ஒழுகும் இடம் என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குப் பாலபாடம். பம்பை நிறுத்தி, கொஞ்சம் கேசரிப் பவுடரைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து அந்த இடத்தில் மெல்ல விட்டால், ஓட்டை இருக்கும் பட்சத்தில் நிறம் நூல்போல இழுபட்டு உள்ளே போய்விடும். பிறகு விளக்கின் மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீருக்கடியிலேயே இறுகும் எப்பாக்சி புட்டியால் அடைத்துவிடலாம். அடைத்துவிட்டால் அப்புறம் பேச என்ன இருக்கிறது?

தங்கள் வைத்தியச் சிறப்பே இனிமேல்தான். ஓட்டை ஒன்று, அதற்குத் தாங்கள் கொடுத்த மருந்துகளோ ஒரு கடைக்குச் சமம். தண்ணீரோடு உப்பு போனதும் செல்லின் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு மூட்டை உப்பைக் கொட்டினீர்கள். தண்ணீரோடு ஸ்டெபிலைசர் என்கிற சயனூரிக் அமிலமும் போனது. அது இல்லையென்றால் திறந்தவெளிக் குளத்தில் உச்சிவெயில் சில மணி நேரத்தில் குளோரினில் பெரும்பகுதியைத் தீர்த்துவிடும். தீர்த்தது. பாசி பிடித்தது. “கேரளத்தின் பசுமை” என்று விருந்தினரிடம் சொன்ன சாமர்த்தியத்தை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ரசித்தேன். பாசிக்குப் பிளீச்சிங் பவுடர் வந்தது. அதனோடு கால்சியமும் வந்தது. செல் ஓட ஓட பிஎச் ஏறுவது இயல்பு. அதில் பிறக்கும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை வெளியே தள்ளிவிடும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிற்க வேண்டிய பிஎச் 8-ஐத் தாண்டியது. 7.5-ல் குளோரினுக்கு இருக்கும் வீரியத்தில் பாதிதான் 8-ல் மிஞ்சும். ஆகவே இன்னும் பிளீச்சிங் பவுடர். கால்சியமும் பிஎச்சும் சேர்ந்து ஏறியதில் செல்லின் தகடுகளில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்தது. படிந்த செல் குளோரின் தர மறுத்தது. பிஎச்சை இறக்க ஆசிட். ஆசிட்டில் காரத்தன்மை விழுந்ததும் அதைத் தூக்கச் சமையல் சோடா. நடுவில் வந்த ஒரு டேங்கர் தண்ணீரில் இரும்பு இருந்ததால், குளோரின் பட்டதும் குளம் கட்டன் சாயா நிறத்துக்கு வந்தது; அதற்கும் ஏதோ ஒரு பாட்டில் வந்தது. வாரம் ஒருமுறை வரும் பையன் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, “எல்லாம் ஓகே, சேட்டா” என்று காசை வாங்கிக்கொண்டு போகிறான். எல்லாமே கூடவும் குறையவும் இருக்கும் தண்ணீரைப் பார்த்து ஒரே வார்த்தையில் ஆறுதல் சொல்ல அவனால்தான் முடியும். நல்ல வைத்தியருக்கு நல்ல கம்பவுண்டர்.

இந்த ஊரில் தண்ணீருக்கு என்றைக்குமே மரியாதை உண்டு. நாலாபுறமும் தண்ணீர் சூழ்ந்திருக்க, குடிக்க நல்ல நீர் இல்லாமல் ஒரு காலத்தில் ஆலுவாவிலிருந்து பெரியாற்றுத் தண்ணீரைப் படகில் ஏற்றிவந்த ஊர் இது. இப்போது குழாயில் வருகிறது, வந்தால். 2023 ஜனவரிக் கடைசியில், அதை அனுப்பும் பாழூர் பம்ப் ஹவுஸில் மோட்டார்கள் பழுதானபோது, மட்டாஞ்சேரியும் போர்ட் கொச்சியும் வாரக்கணக்கில் குடத்தோடு லாரிக்குக் காத்துக்கிடந்தன. அந்த நாட்களில் தங்கள் குளம் மட்டும் விளிம்பு குறையாமல் நின்றது எங்களுக்கெல்லாம் பெரிய ஆறுதல். குடத்தோடு நிற்கிறவர்கள் வேலி இடுக்கு வழியாகத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் அல்லவா. இப்போதும் டேங்கர் லாரி சந்துக்குள் பின்னோக்கி வந்து, ஹோஸ் பைப்பைத் தங்கள் குளத்தில் இறக்கும்போது, வாசலில் இருக்கும் கிழவிகள் எழுந்து நின்றுவிடுகிறார்கள். மரியாதைக்கு என்றே தாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் கிணற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இது மணல் பூமி. மழையில் இறங்கும் நல்ல தண்ணீர், கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகத்தான் நிற்கிறது. அதில்தான் எங்கள் பாட்டி காலத்திலிருந்து பாத்திரம் கழுவுகிறோம், செடிக்கு ஊற்றுகிறோம். குடிநீரில் கரைந்திருக்கும் எல்லாமும் சேர்த்து லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். தங்கள் குளத்து நீரில் உப்பு மட்டுமே 3,200. தினமும் 640 லிட்டர் அந்தத் தரத்தில் எங்கள் பக்கம் வருகிறது. கறிக்கு உப்புப் போடும் வேலை மிச்சம் என்கிறாள் என் மனைவி. செம்மண் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டிய மதில் உப்பரித்து, காரை உதிர்ந்து, நூறு வயது கூடினாற்போல் நிற்கிறது. பழமை விரும்பிகளான தங்கள் விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, ஜூலையில் குளத்தை முழுக்க இறைத்துவிட்டு உள்ளே இறங்கி ஓட்டையைத் தேடப்போவதாகத் தாங்கள் சொன்னது காதில் விழுந்தது. துணிச்சல்! மழைக்காலத்தில் இங்கே ஒரு முழம் தோண்டினால் தண்ணீர். காலியான தொட்டியைக் கீழிருந்து நிலத்தடி நீர் தூக்கிவிடும். தரை வெடிக்கும், சில சமயம் குளமே எழும்பி நிற்கும். கப்பல் கட்டும் ஊரில் குளத்தையும் மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்று தாங்கள் நினைத்திருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

முதலாளி, எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அந்தப் பக்கெட்டைப் படியில் வைத்துப் பாருங்கள். தங்கள் வீட்டுப் பக்கெட்டை இதற்கெல்லாம் எடுக்கக் கௌரவம் தடுத்தால் எங்கள் வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். காலையிலிருந்து குழாயில் தண்ணீர் வரவில்லை. பக்கெட் சும்மாதான் இருக்கிறது.