மேற்கத்தியச் செவ்வியல் கச்சேரியில் இருமல்: ரசனையை அளக்க ஒரு முறை

மேற்கத்தியச் செவ்வியல் இசை ரசிகர்கள் இரு கட்சியினர். ஷூபர்ட், ஷோபான், சைக்கோவ்ஸ்கி, ரக்மானினோஃப் என்று நீளும் ரொமான்டிக் இசையை விரும்புவோர் ஒரு கட்சி. 1908 வாக்கில் ஆர்னால்ட் ஷேன்பெர்க் ஆதார சுருதியைக் கைகழுவியதும் கிளைத்த நவீன இசையை விரும்புவோர் மறு கட்சி. யார் எந்தக் கட்சி என்று நேரே கேட்டால் உண்மை கிடைப்பதில்லை. நவீன இசை பிடிக்காதவர் ‘எனக்குப் புரியவில்லை’ என்று பணிவு காட்டுகிறார். ரக்மானினோஃப் பிடித்தவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொல்கிறார். பொய் சொல்லப் பழகாத உறுப்பிடம் விசாரிப்பதே முறை. அந்த உறுப்பு தொண்டை.

சளியால் வரும் இருமல் இங்கே கணக்கில் இல்லை. அது மருத்துவர் பாடு. ஆய்வுக்குரியது அபிப்பிராய இருமல். அதன் இளைய வடிவம் செருமல்: பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் அறியும்படி, ‘இது இன்னும் எவ்வளவு நேரம்?’ என்று கேட்பது. முதிர்ந்த வடிவம் முழு இருமல். ஒரு வரிசையில் தொடங்கினால் பால்கனியிலிருந்து பதில் வராமல் ஓயாது.

ஹன்னோவர் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆந்திரெயாஸ் வாகனர் 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கச்சேரியில் மனிதர்கள் மற்ற வேளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு இருமுகிறார்கள் என்றும், மெதுவான, அடங்கிய பகுதிகளிலும் 20ஆம் நூற்றாண்டுப் படைப்புகளிலும் அது கூடுகிறது என்றும் அவர் சுட்டிக்காட்டினார். அரங்கின் காற்றைக் குறைசொல்ல இதில் இடமில்லை. ஒரே மாலை, ஒரே இருக்கை, ஒரே காற்று. மாறியது இசை மட்டும்.

ரொமான்டிக் படைப்புகளில் இருமல் சேமித்து வைக்கப்படுகிறது. ஒரு பகுதி முடிந்து நடத்துநர் கையை இறக்கியதும் அரங்கம் முழுவதும் சேர்ந்து இருமித் தீர்த்துவிட்டு, அடுத்த பகுதிக்கு நிமிர்ந்து உட்காரும். சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்ஃபனியில் மூன்றாம் பகுதியின் ஆரவார முடிவுக்கு இருமக்கூட நேரம் ஒதுக்காமல் கைதட்டிவிடுவோர் உண்டு. இன்னும் ஒரு பகுதி மீதி இருப்பது பிறகுதான் நினைவுக்கு வரும். நவீன படைப்புகளில் இந்தச் சேமிப்பு நடப்பதில்லை. கையிலிருப்பது உடனுக்குடன் செலவாகிறது.

லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் தன் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஓர் அளவீட்டையே அச்சிட்டது. ஹார்ன் கருவியில் நடுத்தர வலிமையில் வாசித்த ஒரு சுரம் சுமார் 65 டெசிபல். வாயைப் பொத்தாத ஓர் இருமலும் அதே 65 டெசிபல். கைக்குட்டையைப் பயன்படுத்தும்படி ரசிகர்களுக்கு நாசூக்கான வேண்டுகோளும் இருந்தது. இதில் கவனிக்கத்தக்கது சமத்துவம். ஹார்ன் வாசிப்பவர் பல ஆண்டு சாதகம் செய்து சம்பளமும் பெறுகிறார். இருமுகிறவர் சாதகமே இல்லாமல், டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்து, அதே ஒலியை எட்டிவிடுகிறார்.

இருமுகிறவருக்கு உரிய அந்தஸ்து 1952 ஆகஸ்ட் 29 அன்று கிடைத்தது. நியூயார்க் மாநிலத்தின் வுட்ஸ்டாக்கில் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடிப் படைப்புக்காக டேவிட் டியூடர் பியானோ முன் அமர்ந்து, மூன்று பகுதிகளிலும் ஒரு சுரமும் வாசிக்காமல் எழுந்தார். அரங்கில் தானாக எழும் ஒலிகளே அங்கே இசை. இருமலை வித்வத்தாக ஏற்றுக்கொண்டது நவீன இசைதான். அதற்கு ரசிகர்கள் காட்டிய நன்றி போதாது.

இருமல் நாகரிகம் வேரூன்றாத இடங்களில் கை பேசியது. வியன்னாவின் மூசிக்ஃபெராயின் அரங்கில் 1913 பிப்ரவரி 23 அன்று ஷேன்பெர்க்கின் ‘குர்ரெ-லீடர்’ அரங்கேறியது. அவர் முழு ரொமான்டிக்காக இருந்த நாளில் தொடங்கிய படைப்பு அது. கரவொலி ஓயவில்லை. அவரோ ரசிகர்களுக்கு முதுகைக் காட்டி இசைக்கலைஞர்களை மட்டும் வணங்கினார். ஐந்து வாரம் கழித்து, மார்ச் 31 அன்று, அதே ஊரில் அவரே நடத்திய நவீன இசைக் கச்சேரியில் மாணவர் ஆல்பன் பெர்கின் பாடல்களின்போது கலவரம் மூண்டு, அறை விழுந்து, கடைசியில் வைத்திருந்த மாலரின் பாடல்களுக்கு வழியில்லாமல் கச்சேரி கலைந்தது. அந்த அறை தொடர்பான வழக்கில் சாட்சி சொன்ன ஆப்பெரெட்டா இசையமைப்பாளர் ஆஸ்கர் ஷ்ட்ராவுஸ், அன்று கேட்ட ஒலிகளில் சுருதி சேர்ந்திருந்தது அந்த அறைதான் என்று சொன்னதாக வழங்குகிறது. ஷேன்பெர்க் பாடம் கற்றார். 1918இல் அவர் தொடங்கிய சங்கத்தின் கச்சேரிகளில் விமர்சகருக்கு அனுமதியில்லை, கைதட்டலுக்கும் தடை.

இவ்வளவும் சொன்ன பிறகு, முறைக்கே சவாலான ஒரு விஷயம் இருக்கிறது: சினிமா. இயக்குநர் கூப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் லிகெட்டியின் நவீன இசையும் ‘தி ஷைனிங்’கில் பெண்டரெட்ஸ்கியின் நவீன இசையும் ஒலிக்கும்போது எவரும் ‘புரியவில்லை’ என்பதில்லை. கச்சேரியில் ஐந்து நிமிடம் பொறுக்காத தொண்டை, கோடரி ஏந்திய ஆளைத் திரையில் கண்டதும் வாயடைத்துப்போகிறது. பயப்பட ஒரு காரணம் காட்டிவிட்டால் காது மெட்டைத் தேடுவதில்லை என்றே கொள்ள வேண்டும்.

மறு கட்சியின் பாசாங்கும் குறைந்ததல்ல. ரக்மானினோஃபின் புகழ் நிலைக்காது என்று 1954இல் வெளிவந்த குரோவ் இசை அகராதி தீர்ப்பளித்தது. 1901இல் முழுமை பெற்ற அவருடைய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ இன்றும் அரங்கை நிரப்புகிறது. நவீன இசை அன்பர் இடைவேளையில் அதைப் பழித்துவிட்டு, இரண்டாம் பகுதியின்போது கண்ணை மூடிக்கொள்கிறார், இருமுவதில்லை.

கச்சேரி அமைப்பாளர்கள் இந்த ரசனைப் பிளவை என்றோ அறிந்துவிட்டார்கள். புதிய படைப்பை முதலில் வைத்தால் கூட்டம் தாமதமாக வரும்; கடைசியில் வைத்தால் இடைவேளையோடு வீடு போய்ச் சேரும். அதனால் அது பெரும்பாலும் இடைவேளைக்கு முன் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரொமான்டிக் சிம்ஃபனி பின்னால் காத்திருக்கிறது. நிகழ்ச்சி வரிசை பிசகிப் புதிய படைப்பு கடைசிக்குப் போன நாள்களில் ஒரு நகரத்தின் ரசனையை அறிய விரும்புவோருக்குக் கேள்வித்தாள் வேண்டாம். இடைவேளையில் மேல்கோட்டு திரும்பத் தரும் சன்னலருகே நின்று வரிசையை எண்ணினால் போதும்.