அலாரம் போன கதை

எடின்பரோ, ஸ்காட்லாந்து

அன்புள்ள மாமாவுக்கு,



இலக்கணத்தை வாட்ஸப்பில் எழுதுகிறவனுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், தபால்தலை ஒட்டியே எழுதுகிறேன். உங்களிடம் டியூஷன் படிக்கும் நர்ஸிங் பெண்ணுக்கு 'கோ ஆஃப்' என்பதன் பொருளும் அதற்கு ஈடான சொற்களும் வேண்டுமாம். உங்கள் மகள் மலரைக் கேட்டேன். "டியூட்டி முடிஞ்சு வந்தவகிட்ட கிராமரா? நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். எனவே பாரம் என் தலையில்.

முதலில் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி ஒருநாள் மாடிப்படியில் நின்று சொன்னதைக் கேளுங்கள். காலையில் அலாரம் கோ ஆஃப் ஆகவில்லையாம். அதனால் மகன் சாப்பிடாமலே கோ ஆஃப் ஆனானாம். டீ போடலாம் என்று பார்த்தால் பால் கோ ஆஃப் ஆகியிருந்ததாம். போகட்டும், தானும் இப்போதெல்லாம் டீயை கோ ஆஃப் ஆகிவிட்டதாகச் சொல்லி முடித்தார். அதாவது அலாரம் அடிக்கவில்லை, மகன் கிளம்பிவிட்டான், பால் திரிந்துவிட்டது, டீ பிடிக்காமல் போய்விட்டது. நாலு விஷயம், ஒரே வினைச்சொல். பாட்டிக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

இதில் என்னை அதிகம் படுத்துவது அலாரம்தான். விளக்கு கோ ஆஃப் ஆனால் அணைந்தது என்று பொருள். அலாரம் கோ ஆஃப் ஆனால் அலறத் தொடங்கியது என்று பொருள். ஒன்று நிற்கிறது, இன்னொன்று ஆரம்பிக்கிறது, இரண்டுக்கும் ஒரே சொல். இந்த நாட்டில் அலாரத்துக்குப் பஞ்சமும் இல்லை. 2022 பிப்ரவரி முதல் ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு வீட்டிலும் கூடத்திலும் நடையிலும் புகை அலாரம், சமையலறையில் வெப்ப அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவை ஒன்றோடொன்று இணைந்தும் இருக்க வேண்டும். ஒன்று கத்தினால் எல்லாம் சேர்ந்து கத்தும். சட்டம் எழுதியவர்கள் தீ விபத்தை நினைத்தார்கள், மிளகாய் வற்றலை நினைக்கவில்லை. மலர் ரசத்துக்குத் தாளித்தால் சமையலறைக் கருவி பெரிய மனுஷன் மாதிரி தானாக வாயைத் திறக்காது. நடையில் இருப்பதுதான் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டும். உங்கள் பேரன் அப்போதுதான் கண் அசந்திருப்பான். அதற்கும் இங்கே கோ ஆஃப்தான். குழந்தை கோ ஆஃப் ஆன நிமிஷத்தில் அலாரம் கோ ஆஃப் ஆனது என்று சொல்லி, அதைப் புரிந்துகொள்ளவும் செய்கிறார்கள்!

வெடிப்பதற்கும் இதே சொல்தான். 1605 நவம்பரில் லண்டனில் பிரபுக்கள் சபைக்கு அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டான். குறி வைத்தது, எங்கள் ஊர்க் கோட்டையில் பிறந்த ஜேம்ஸ் ராஜாவுக்கு. அது கோ ஆஃப் ஆகவில்லை. அன்று அது வெடிக்காததைக் கொண்டாட, இன்றுவரை ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று நாடு முழுக்க வெடி வெடிக்கிறார்கள். நம் தீபாவளிக்கு ஒட்டியே வருவதால் எங்களுக்கும் வசதி. பட்டாசுக் கடையில் யார் எதற்கு வாங்குகிறார்கள் என்று கேட்பதில்லை.

அந்தக் கோட்டையிலேயே 1861 முதல் ஒரு மணி பீரங்கி என்று ஒன்று உண்டு. ஞாயிறு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர தினமும் பகல் சரியாக ஒரு மணிக்கு கோ ஆஃப் ஆகும். லீத் துறைமுகத்துக் கப்பல்கள் நேரம் பார்ப்பதற்கு ஏற்கெனவே கால்டன் குன்றில் ஒரு பந்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்ப் பனிமூட்டத்தில் பந்தாவது தெரிகிறதாவது! அதனால்தான் பீரங்கி. பன்னிரண்டு மணிக்குச் சுட்டால் பன்னிரண்டு குண்டு செலவாகும், ஒரு மணிக்கு ஒன்றே போதும் என்று ஸ்காட்லாந்துக்காரர்களின் சிக்கனத்தைப் பற்றி ஒரு கேலி உண்டு. சத்தம் கேட்டுச் சுற்றுலாப் பயணிகள் துள்ளுவார்கள், உள்ளூர்க்காரர்கள் கைக்கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

டாக்டர் ஜான்சனும் தம் 1755 அகராதி முன்னுரையில், வினையோடு ஒட்டும் இந்தச் சின்னச் சொற்கள்தான் அந்நியர்களை அதிகம் திணற அடிப்பவை என்று எழுதிவைத்திருக்கிறார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்த வைத்தியர். மருந்து மட்டும் இன்னும் வரவில்லை.

நீங்கள் கேட்ட ஈடான சொற்கள்: வெடிப்பதற்கு எக்ஸ்ப்ளோட், கிளம்புவதற்கு டிபார்ட், பால் கெடுவதற்கு ஸ்பாயில், அலாரத்துக்கு ரிங். பரீட்சைக்கு இவை போதும். ஒன்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். எக்ஸ்ப்ளோடுக்கு லத்தீனில் ஆதிப் பொருள், நடிகனைக் கைதட்டி மேடையை விட்டு விரட்டுவது. நம்மூர் நாடகக் கொட்டகையில் நடந்ததற்கும் அதே பெயர் வைத்திருக்கலாம்.

ஆனால் இவர்களை அளவுக்கு மீறித் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. நாம் மட்டும் என்னவாம்? பால் கெட்டுப் போச்சு, விளக்கு அணைஞ்சு போச்சு, பிள்ளை அசந்து போச்சு, ஆசை விட்டுப் போச்சு. எல்லாவற்றிலும் அதே 'போ'தானே? நாம் எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிட்டுப் போகிறோம். இவர்கள் போனதை மட்டும் சொல்லி, மிச்சத்தைக் கேட்கிறவன் தலையில் கட்டிவிடுகிறார்கள். இந்த 'ஆஃப்' பழைய ஆங்கிலத்தில் விலகுவதைக் குறித்தது. ஒற்றை எஃப் போட்டு எழுதும் சொல்லும் அப்போது இதுவேதான், பின்னால்தான் பாகம் பிரித்துக்கொண்டன. நல்ல நிலையை விட்டு விலகினால் பால், சும்மா கிடப்பதை விட்டு விலகினால் வெடி என்று ஒருவாறு சமாதானம் செய்துகொள்ளலாம். அலாரத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை. நம்மூரில் 'அலாரம் போச்சு' என்றால் ரிப்பேர் கடைக்குத்தான் ஓடுவோம்.

அந்த நர்ஸிங் பெண்ணிடம் மலர் சொல்லச் சொன்னது இது: இங்கே வார்டில் ஒரு நோயாளி சாப்பாட்டை கோ ஆஃப் ஆகிவிட்டார் என்றால் பசி விட்டுப்போயிற்று என்று பொருள், உடனே குறித்துக்கொள்ள வேண்டும். நர்ஸே கோ ஆஃப் ஆகிறாள் என்றால் பயப்பட வேண்டாம், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிறாள். கல்யாணம் நன்றாக கோ ஆஃப் ஆயிற்று என்றால் குறையில்லாமல் நடந்தது.

அடுத்த கடிதத்தில் 'புட் அப்' கேட்பீர்கள் என்று மலர் இப்போதே பயமுறுத்துகிறாள். கேட்பதற்கு முன் அத்தை போட்ட நாரத்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் அனுப்பிவிடுங்கள். வழியில் கெட்டுவிடுமோ என்று யோசிக்க வேண்டாம். போன தடவை வந்தது ஒரு வருஷமாக கோ ஆஃப் ஆகாமல் இருந்து, கீழ்வீட்டுப் பாட்டி ருசி பார்த்த வாரத்திலேயே காலியாகிவிட்டது.

மற்றவை தங்கள் பதில் கண்டு.

இப்படிக்கு,
அன்புள்ள மாப்பிள்ளை