கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு புகழுரை

ஐயா, உங்களைப் புகழ வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, உட்கார இடம் கிடைக்காவிட்டாலும் கம்பியில் சாய்ந்தபடி அன்றைய பாடக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே வருகிறீர்கள். பதினாறு ஆண்டாக நடத்தும் பாடம் அது. அதற்கும் குறிப்பெடுக்கிறீர்கள்.

முனைவர் பட்டம் பெற்றீர்கள், நெட் தேர்விலும் தேறினீர்கள். அரசு கல்லூரியில் நிரந்தரப் பணியிலிருக்கும் பக்கத்து மேசைக்காரருக்கும் உங்களுக்கும் பாடத்திட்டம் ஒன்று, மாணவர்களும் ஒன்று. அவர் சேர்ந்த அன்றைக்கே அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். உங்களுக்குத் தொகுப்பூதியம் 25,000. முன்பு அது 20,000-தான். மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது. மே மாதம் உங்களுக்குச் சம்பளமே இல்லை. ஆனாலும் ஜூனில் கல்லூரி திறந்தால் உங்கள் குரலில் ஒரு சுணக்கம் தெரிவதில்லை. இந்தப் பொறுமை எனக்கு வராது. உங்கள் பொறுமையின் நிழலில்தான் இந்தக் கணக்கை நேர்செய்யாமலே நாங்கள் எல்லோரும் காலம் தள்ளியிருக்கிறோம்.

உங்கள் பதவிப் பெயரிலேயே கௌரவம் இருக்கிறது. மருத்துவருக்கும் வக்கீலுக்கும் இந்த அடைமொழி தேவைப்படவில்லை. அவர்களுடையது தொழில், அதற்குக் கட்டணம் உண்டு, கவுன்சில் உண்டு. உங்களுடையதைத் தொழில் என்று சொல்லவே நமக்கு வாய் கூசுகிறது. அறப்பணி என்று பள்ளிச் சுவரில் எழுதி வைத்தோம்.

அந்தச் சொல்லுக்கு என்ன விலை என்று சுந்தராம்பாள் வழக்கைப் பார்த்தால் தெரியும். கோவாவில் வேலையிழந்த பள்ளி ஆசிரியை அவர். தொழில் தகராறுச் சட்டத்தின்படி நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1988-ல் தீர்ப்பு வந்தது: கல்வி புகட்டுவது உன்னதமான பணி, அதை உடலுழைப்போடும் எழுத்தர் வேலையோடும் சேர்க்க முடியாது, ஆகவே ஆசிரியர் அந்தச் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்லர். 2004-ல் பணிக்கொடைச் சட்டத்திலும் ஆசிரியருக்கு இடமில்லை என்று ஆயிற்று. 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்திய பிறகுதான் பணிக்கொடை கைக்கு வந்தது. உயரத்தில் தூக்கி வைத்தோம். அங்கிருந்து கால் எட்டுகிற தூரத்தில் ஒரு படியும் வைக்கவில்லை.

திருச்சிக்கு இது பழைய வழக்கம். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்த ஊரில் பாடம் சொன்னவர். காசு வாங்கமாட்டார், சமயம் பார்க்கமாட்டார், வந்த பிள்ளைகளுக்குத் தம் வீட்டிலேயே சோறும் போடுவார். மகாவித்துவான் என்று தமிழுலகம் கொண்டாடியது. 1876-ல் அவர் கண்மூடியபோது குடும்பத்துக்கு மிஞ்சியது கடன். அவரிடம் படித்த உ.வே.சா. அவருடைய வாழ்க்கையை இரண்டு பாகமாக எழுதி வைத்ததால் அந்தக் கடனும் நமக்குத் தெரிகிறது. 1888-ல் திருவானைக்காவலில் சி.வி. ராமன் பிறந்தபோது ஆசிரியரான அவருடைய தந்தைக்கு மாதச் சம்பளம் பத்து ரூபாய். ராமனே சொன்னது இது. ராமன் எங்கள் ஊர்க்காரர் என்று மேடைதோறும் சொல்கிறோம், அந்தப் பத்து ரூபாயைச் சொல்வதில்லை.

கற்பித்தலை ஒரு தொழிலாகவே கருத வேண்டும், அதற்குரிய ஊதியம் தர வேண்டும் என்று யுனெஸ்கோவும் உலகத் தொழிலாளர் அமைப்பும் 1966 அக்டோபர் 5 அன்று பரிந்துரைத்தன. உலக ஆசிரியர் நாள் அந்தத் தேதியில்தான் வருகிறது. நாம் செப்டம்பர் 5 அன்று பொன்னாடை போர்த்துகிறோம். நானும் போர்த்தியிருக்கிறேன். அன்று உங்களைப் பற்றிப் பேசியதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் உங்கள் சம்பளத்தைப் பற்றி ஒரு சொல்லும் நான் பேசவில்லை.

போன வாரம் பஸ்ஸில் உங்கள் மாணவி ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். “சார், நானும் பிஎச்.டி. முடிச்சுட்டு உங்களை மாதிரி காலேஜ்ல பாடம் எடுக்க வரலாமா?” என்று கேட்டாள். எந்த மாணவர் என்ன கேட்டாலும் அந்த நொடியே பதில் சொல்கிறவர் நீங்கள். அன்று மாம்பழச் சாலையிலிருந்து சத்திரம் பஸ் நிலையம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே காவிரியைப் பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.