ராகு காலத்தில் ஒரு அப்டேட்

எங்கள் பெரியப்பாவின் கடையில் இருக்கும் கல்லாப்பெட்டி தேக்கு. அவருடைய அப்பா காலத்தது. சில்லறைக்கு இடது பள்ளம், நோட்டுக்கு வலது பள்ளம், நடுவில் விபூதி. கரண்ட் போன இருட்டிலும் பெரியப்பாவின் கை ஐந்து ரூபாய் நாணயத்தைத் தப்பாமல் எடுத்துவிடும்.

எனக்கும் கடையில் ஒரு பெட்டி உண்டு. அது போனுக்குள் இருக்கும் ஓர் ஆப். அதில் 'ஷெட்யூல்' பட்டன் நேற்று ராத்திரிவரை கீழே வலது மூலையில் இருந்தது. இன்று காலை அந்த இடத்தில் ஒரு பளபளக்கும் நட்சத்திரம். தொட்டால், "வணக்கம், இன்று என்ன உருவாக்கலாம்?" என்கிறது. நான் எதையும் உருவாக்க வரவில்லை ஐயா. குத்துவிளக்குப் படத்தைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் போடவேண்டும். அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் பாத்திரக்கடை. பித்தளை, செம்பு, வெண்கலம், ஈயச்சொம்பு. 2017-ல் நான் பி.காம் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தபோது, "எந்நேரமும் போனைத்தானே நோண்டறே, அதைக் கடைக்காக நோண்டு" என்று பெரியப்பா பதவி கொடுத்தார். சோஷியல் மீடியா மேனேஜர். சம்பளம், மத்தியானச் சாப்பாடு, தீபாவளிக்கு வேட்டி சட்டை.

ஒரே படத்தை நான்கு இடத்தில் போடுவதுதான் வேலை. நான்கு தடவை போடுவதற்குப் பதில் ஒரு தடவை போட்டால் ஆப் பார்த்துக்கொள்ளும். இந்த யோசனை புதிதில்லை. 2008-லேயே கனடாவின் வான்கூவரில் ஹூட்சூட் தொடங்கிவிட்டது. இரண்டு வருடம் கழித்து இங்கிலாந்தில் பஃபர் வந்தது. ஹூட்சூட்டின் சின்னத்தைப் பெரியப்பாவிடம் காட்டினேன். "ஆந்தையா? கடைக்கு ஆகாதுடா" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதனால் ஆந்தை இல்லாத வேறொன்றைப் பிடித்தோம். அதன் பெயர் வேண்டாம். இன்னும் சந்தா பாக்கியிருக்கிறது.

முதல் வருடம் அந்த ஆப்பில் ஒரு விசித்திரம். ஆறு மணிக்கு இன்ஸ்டாகிராமில் படம் போடச் சொல்லி வைத்தால், ஆறு மணிக்கு என் போன் அலறும். "பதிவு போடும் நேரம் வந்துவிட்டது, போடுங்கள்" என்று என்னிடமே சொல்லும். வெளி ஆப்கள் தாங்களாகப் படம் போட இன்ஸ்டாகிராம் அப்போது அனுமதித்ததில்லை. 2018-ல்தான் வணிகக் கணக்குகளுக்கு அந்தக் கதவு திறந்தது. அதுவரை நான் மாதாமாதம் காசு கொடுத்து வைத்திருந்தது ஓர் அலாரம். பெரியம்மா சும்மாவே செய்வாள்.

கதவு திறந்தது. ஆப் தானாகவே படம் போட்டது. அன்றோடு நிறுத்தியிருக்கலாம்.

முதலில் வந்தது 'சிறந்த நேரம்' என்ற வசதி. நம் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் எப்போது போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டு, இந்தக் கிழமை இத்தனை மணிக்குப் போடு என்று சொல்லும். எங்கள் கடைக்கு அது கண்டுபிடித்த நேரம் வெள்ளிக்கிழமை காலை 10.47. பெருமையோடு போய்ச் சொன்னேன். பெரியப்பா தலையை நிமிர்த்தாமல் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார்.

"வெள்ளிக்கிழமை பத்தரை பன்னெண்டு என்னது?"

"ராகு காலம், பெரியப்பா."

"வெளங்கிடும்."

"அந்த நேரத்துலதான் எல்லாரும் பாக்கறாங்களாம்."

"அவங்க பாக்கறதுக்கு ராகு காலம் பாக்க வேண்டாம். நாம போடறதுக்குப் பாக்கணும்."

இதில் ஒரு நுட்பமான சிக்கல் இருப்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வியாழக்கிழமை நல்ல நேரத்தில் உட்கார்ந்து பட்டனை அழுத்தி, வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் வெளியாகும்படி வைத்தால் எந்த நேரம் கணக்கு? அழுத்திய நேரமா, வெளியான நேரமா? பெரியப்பாவே திகைத்துவிட்டார். பஞ்சாங்கத்தில் ஷெட்யூல் போஸ்டுக்கு விதி இல்லை. குடும்ப ஜோசியரிடம் போனோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு கேட்டார்: "அந்த சர்வர் எந்த ஊர்ல இருக்கு?"

நான் அசந்துபோனேன். எட்டு வருடத்தில் இந்த வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அது.

"கலிஃபோர்னியாவா இருக்கலாம் சார்."

"ராகு காலம் அந்தந்த ஊர் சூரிய உதயத்தை வெச்சுத்தான். இங்க வெள்ளி காலை பத்தரைன்னா அங்க வியாழன் ராத்திரி. தாராளமாப் போடலாம்."

தட்சிணை இருநூறு ரூபாய், ஒரே தடவை. ஆப்பில் அதே ஆலோசனைக்கு மேல்தட்டுச் சந்தா, மாதாமாதம்.

அந்தத் தீர்ப்பே பின்னால் எங்களைக் கடித்தது. ஆடி மாதம் பிறக்கும் நேரம். பாத்திரக்கடைக்கு ஆடித் தள்ளுபடிதான் அறுவடைக் காலம். "காலை வணக்கம்! இன்று 9 மணிக்குக் கடை திறந்ததும் முதல் நூறு பேருக்கு எவர்சில்வர் டம்ளர் இலவசம்" என்று காலை எட்டு மணிக்கு வரும்படி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஆப் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. புதுப்பிக்கும்போது எங்கள் ஊர் நேரத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் ஊர் நேரத்தை மாட்டிக்கொண்டது. கலிஃபோர்னியாவில் காலை எட்டு மணியானபோது கும்பகோணத்தில் ராத்திரி எட்டரை. பெரியப்பா ஷட்டரை இறக்கப்போகும் நேரத்தில் "காலை வணக்கம்" போனது. முதலில் வந்தவர் ஒரு ரிட்டையர்டு வாத்தியார். "எந்த ஊர் காலை சார்?" என்று மட்டும் கேட்டார். டம்ளரை வாங்கிக்கொண்டுதான் போனார். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. "நீதானே அந்த ஊர்க் கணக்குன்னே" என்றார். திட்டியிருக்கலாம்.

எங்கள் கடைப் பெயர் ஸ்ரீயில் தொடங்குகிறது. டிவிட்டராக இருந்து 2023-ல் எக்ஸ் ஆன தளத்தில், சந்தா கட்டாதவர்களுக்கு ஒரு பதிவுக்கு 280 எழுத்து. 2017 நவம்பர்வரை 140-தான். ஆனால் கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது நமக்கு எழுத்து என்பது அல்ல. 'க' ஒன்று. 'கி' என்றால் 'க' ஒன்று, அந்தக் கொக்கி ஒன்று, ஆக இரண்டு. 'க்' என்றால் புள்ளிக்குத் தனிக் காசு. 'ஸ்ரீ' நமக்கு ஒன்று, அதற்கு நான்கு. வாயைத் திறக்குமுன்பே நான்கு செலவு. பெரியப்பாவிடம் ஸ்ரீயை எடுத்துவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன். "சாமியோட பேரையா வெட்டச் சொல்றே?" என்றவர், மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இதற்கும் ஆப் ஒரு வசதி கொண்டுவந்தது: நீளம் மிஞ்சினால் அதுவே அழகாக வெட்டிவிடும். அழகாகத்தான் வெட்டியது. 'ஆடித் தள்ளுபடி' என்று முடியவேண்டிய பதிவு 'ஆடித் தள்ளு' என்று முடிந்தது. மற்றொன்றில் 'பித்தளை'யில் வெறும் 'பித்த' மிஞ்சியது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அது என்னைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தெரியும்.

ஒன்பது சதுரப் படங்களைச் சேர்த்து ஒரே பெரிய ஐந்துமுக விளக்காக இன்ஸ்டாகிராம் பக்கத்தில் கட்டியிருந்தேன். மூன்று நாள் வேலை. 2025 ஜனவரியில் அங்கே சதுரங்கள் போய் நெட்டுக்குத்தான செவ்வகங்கள் வந்தன. ஆப்பின் 'முன்னோட்டம்' மட்டும் விடாப்பிடியாகச் சதுரத்தையே காட்டிக்கொண்டிருந்ததால் நான் ஒரு வாரம் கவனிக்கவில்லை. கவனித்தபோது எங்கள் விளக்குக்கு மூன்று முகம்தான் இருந்தது.

இதெல்லாம் கை கால் சேதம். செயற்கை நுண்ணறிவு வந்தபோதுதான் உயிருக்கே ஆபத்து வந்தது.

படத்தைக் கொடுத்தால் வாசகத்தை அதுவே எழுதும் என்றார்கள். ஈயச்சொம்பின் படத்தைக் கொடுத்தேன். "உங்கள் சமையலறைப் பயணத்தை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்!" என்று ஆரம்பித்து, ஒரு ராக்கெட் படத்தையும் ஒட்டியது. சமையலறைக்குப் பயணமா? எங்கள் வீட்டில் அது கூடத்திலிருந்து பதினாறு அடி. போகட்டும் என்று கீழே படித்தேன். "முதலில் காலிச் சொம்பை அடுப்பில் வைத்து நன்றாகச் சூடாக்கவும்" என்று இருந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கு இதைப் படித்தாலே வயிற்றைக் கலக்கும். ஈயச்சொம்பு வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது. காலியாக வைத்தால் சொம்பு அடுப்பில் வழிந்து ஓடும். புதுமணப்பெண்ணிடம் மாமியார் சொல்லும் முதல் பாடமே இதுதான். ஆப்புக்கு மாமியார் இல்லை.

அதோடு விட்டதா? வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காகத் தானாக மொழிபெயர்க்கும் வசதியையும் யாரோ தட்டிவிட்டிருந்தார்கள். (நான்தான்.) ஈயம் என்றால் வெள்ளீயமும் உண்டு, காரீயமும் உண்டு. முன்னது டின், பின்னது லெட். ஆப் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது. "பாரம்பரியமான லெட் பாத்திரத்தில் உங்கள் குடும்பத்துக்கு ரசம் வையுங்கள்" என்று ஆங்கிலத்தில் உலகத்துக்கு அறிவித்தது. காரீயம் விஷம். நியூஜெர்சியிலிருந்து அத்தை விடியற்காலையில் போன் செய்து, "நம்ம குடும்பத்துல யாருக்குடா உங்க பேர்ல கோபம்?" என்றாள்.

பின்னூட்டங்களின் மனநிலையைக் கண்டுபிடித்துச் சிவப்பு, பச்சை என்று பிரித்துக் கொடுக்கும் வசதி போன மாதம் வந்தது. "உருளி விலையில கொன்னுட்டீங்க பாஸ்!" என்று ஒருவர் மனம் நிறைந்து எழுதியிருந்தார். சிவப்பு, வன்முறை. "சூப்பர் சார், ரொம்ப நன்றி, போன வாரம் வாங்கின குடம் அருமையா ஒழுகுது" என்று ஓர் அம்மா எழுதியிருந்தார். பச்சை. பச்சைக்கெல்லாம் தானாகப் பதில் போகும். "உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி" என்று போனது. மறுநாள் அந்த அம்மா குடத்தோடு நேரில் வந்தார். பெரியப்பா குடத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்துப் பட்டறைக்கு அனுப்பிப் பற்றவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். மனநிலை எந்த நிறம் என்று அவர் பார்க்கவில்லை. குடத்தின் அடியைத்தான் பார்த்தார்.

இன்று பட்டனும் இடம் மாறியதும் பெரியப்பாவிடம் புலம்பித் தீர்த்தேன். "எதுக்குப் பெரியப்பா இவங்க மாத்திக்கிட்டே இருக்காங்க?"

பெரியப்பா எதிர்பாராமல் ஆப்பின் பக்கம் பேசினார். "பித்தளைக்கு அப்பப்ப ஈயம் பூசலைன்னா புளி பட்டுச் சோறு கசக்கும். புதுசு பண்றது தப்பில்லடா." பிறகு கடை வாசலைக் காட்டினார். அங்கே ஈயம் பூசுகிறவர் துருத்தி ஊதிக் கரியைக் கனியவைத்து ஒரு தவலையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். நவச்சாரத்தைத் தூவினார், வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்தது. ஈயத்தை இழைத்துத் துணியால் ஒரே சுற்று. தவலைக்குள் நிலா வந்த மாதிரி ஆனது.

"பாரு. பளபளன்னு ஆயிடுச்சு. ஆனா தவலையோட வாய் மேலதானே இருக்கு? அதைக் கீழ மாத்திட்டு, எங்க இருக்குன்னு நீயே தேடிக்கோன்னு சொன்னாரா?"

இதை அப்படியே ஆங்கிலமாக்கி அந்த நிறுவனத்துக்கு எழுதினேன். ஆப்பின் வழியாகவே, கருத்துத் தெரிவிக்கும் பெட்டியில். உடனே பதில் வந்தது: உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.

ஷெட்யூல் பட்டனைக் கண்டுபிடித்துவிட்டேன். மேலே இடதுபக்கம் மூன்று கோடு, அதற்குள் 'மேலும்', அதற்குள் 'மற்றவை'. கும்பகோணம் வந்தால் கடைக்கு வாருங்கள். ஈயச்சொம்பு எடுத்து வைக்கிறேன், விலையில் பார்த்துச் செய்யச் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் மூன்றிலிருந்து நாலரைக்குள் வராதீர்கள். பெரியப்பா பில் போட மாட்டார். சர்வர் எந்த ஊரில் இருந்தாலும் சரி.